மூன்று பக்கத் தாளும் மூன்று சொல் சீட்டும்: ஏற்காட்டு மலைப்பள்ளி ஒன்றில் பேச்சுப் பயிற்சி – நிகழ்வு ஆய்வு

நவம்பரில் சேலத்தில் மாவட்ட அளவிலான பேச்சுப் போட்டி. தலைப்பு நேரு. எங்கள் பள்ளியிலிருந்து ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தியை அழைத்துப் போயிருந்தேன். "அனைவருக்கும் என் முத்தான முதற்கண் வணக்கம்" என்று கணீரெனத் தொடங்கினாள். ஏழெட்டு வாக்கியம் தடையில்லாமல் போனது. "ஆசிய ஜோதி" என்ற இடத்தில் நின்றாள். ஒரு கணம் யோசித்துவிட்டு, திரும்ப "அனைவருக்கும் என் முத்தான..." என்று முதலிலிருந்து ஓட்டினாள். அதே இடத்தில் மறுபடி நின்றாள். மூன்றாம் முறை உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. யாரோ மணியடித்தார்கள்.

அந்த உரையை எழுதிக் கொடுத்தவள் நான். மூன்று பக்கம். அடுக்குமொழியெல்லாம் போட்டு, எதுகை மோனை பார்த்து, ஓர் இரவு உட்கார்ந்து எழுதியது. இருபது ஆண்டுகளாகத் தமிழாசிரியையாக இருக்கிறேன். இப்படி எத்தனை பிள்ளைகளுக்கு எழுதிக் கொடுத்திருப்பேன் என்று கணக்கில்லை.

திரும்பும்போது பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து, அடிவாரம் வரை வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். நான் பின் இருக்கையில். கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கியபோது, அவளுக்குப் பக்கத்தில் இருந்த பெண்மணி பேச்சுக் கொடுத்தார். கீழே ஓமலூர்ப் பக்கம், எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்க முதல் முறையாக மலைக்கு வருகிறாராம். எட்டாவது வளைவோ ஒன்பதாவதோ, இந்தப் பெண்ணின் குரல் எழும்பியது.

"அக்கா, கொத்தோட புடிச்சு உருவிடாதீங்க. பச்சைக்காயும் சேந்து வந்துரும், மேஸ்திரி கத்துவாரு. செவந்த பழமா பாத்து ஒண்ணொண்ணா திருகி எடுக்கணும். கூடையை இடுப்புல கட்டிக்கோங்க, அப்பத்தான் ரெண்டு கையும் ஃப்ரீயா இருக்கும். காலையில செடியெல்லாம் பனி ஈரமா இருக்கும், பழைய சட்டை ஒண்ணு மேல போட்டுக்கோங்க. அடிச்செடியில கை விடுறதுக்கு முன்னாடி குச்சியால ஒரு தட்டு தட்டிட்டு விடுங்க. புரியுதாக்கா?"

சொன்னதோடு நிற்கவில்லை. வலது கைக் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து ஒரு திருகு திருகிக் காட்டினாள். அந்த அம்மா திருப்பிச் செய்து காட்டியபோது "ஆங், அப்படித்தான்" என்றாள். வரிசை, நிறுத்தம், கை அசைவு, எதிராளியின் முகத்தைப் படிப்பது என்று நான் மேடைக்காகச் சொல்லிக் கொடுத்துத் தோற்றதெல்லாம் பன்னிரண்டாவது வளைவுக்குள் அவளிடம் இருந்தே வந்துவிட்டது. இருபதாவது வளைவு தாண்டி ஏரிக்கரையில் இறங்கும்வரை நான் அவளிடம் போட்டியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. வெட்கமாக இருந்தது என்பதுதான் உண்மை.

பின்னணி

பள்ளியின் பெயர் வேண்டாம். சேர்வராயன் மலையில், ஏற்காட்டுக்கும் அப்பால் உள்ள ஓர் அரசுப் பள்ளி. பிள்ளைகளில் பெரும்பாலோரின் பெற்றோர் எஸ்டேட் கூலிகள். மலையாளி பழங்குடியினர் நிறைய (கேரளத்து மலையாளிகள் இல்லை, இந்த மலையின் மக்கள்). ஊர்க்கூட்டத்தில் பெரியவர்கள் பேசுவார்கள், பிள்ளைகள் ஓரமாக நின்று கேட்பதோடு சரி.

பள்ளியில் மட்டும் என்ன வாழ்கிறது? காலை வணக்கக் கூட்டத்தில் குறள் சொல்வது, செய்தி வாசிப்பது, உறுதிமொழி படிப்பது எல்லாமே பார்த்தோ மனப்பாடமாகவோ ஒப்பிப்பதுதான். அதற்கும் எப்போதும் அதே நான்கு பேர். திருக்குறளில் அவையஞ்சாமைக்கென்றே 73ஆம் அதிகாரம் இருக்கிறது. அதிலிருந்து ஒரு குறளைச் சொல்ல வந்த ஏழாம் வகுப்புப் பையன் பாதியில் அழுதுகொண்டு வரிசைக்கு ஓடியதை நானே பார்த்திருக்கிறேன். ஆண்டு முழுவதும் சொந்தமாக நான்கு வாக்கியம் பேச வாய்ப்பே தராமல், போட்டி அறிவிப்பு வந்ததும் பதினைந்து நாளில் ஒரு பிள்ளையைப் பேச்சாளியாக்கப் பார்க்கிறோம்.

தமிழ் வளர்ச்சித் துறை தலைவர்களின் பிறந்தநாளையொட்டி மாவட்டந்தோறும் நடத்தும் போட்டிகளில் முதல் பரிசு ரூ.5000, இரண்டாவது ரூ.3000, மூன்றாவது ரூ.2000, அரசுப் பள்ளிப் பிள்ளைகள் இருவருக்குத் தனியாக ரூ.2000 சிறப்புப் பரிசும் உண்டு. எஸ்டேட் வீட்டுக்கு அது பெரிய பணம். எங்களைப் போன்ற ஆசிரியர்கள் பரிசை நினைத்துத்தான் எழுதிக் கொடுக்கிறோம். நல்லெண்ணம்தான், ஆனால் பிள்ளை தலையில் ஏறுவது அடுத்தவர் சொல்.

ஏன் நின்றாள்

மனப்பாடம் செய்த உரை சங்கிலி மாதிரி. ஒரு வாக்கியத்தின் கடைசிச் சொல்தான் அடுத்ததை இழுத்து வருகிறது. நடுவில் ஒரு கண்ணி கழன்றால் அங்கிருந்து தொடர முடியாது. அதனால்தான் அவள் முதலிலிருந்து ஓட்டிப் பார்த்தாள். பொருள் தெரிந்து பேசுகிறவர்களுக்கு ஒரு சொல் போனால் இன்னொரு சொல் கிடைக்கும். "ஆசிய ஜோதி"க்கு அவளிடம் இன்னொரு சொல் இல்லை, அந்தச் சொல்லே அவளுடையது இல்லை.

அடுத்தது உடம்பு. இதை வகுப்பில் விளக்க எனக்குக் காட்டெருமை உதவியது. எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேர் பள்ளிக்கு வரும் வழியில் அதைப் பார்த்தவர்கள். "எதிர்ல காட்டெருமை நின்னா உடம்புல என்னென்ன ஆகும்?" என்று கேட்டேன். நெஞ்சு படபடக்கும், வாய் உலர்ந்து போகும், கால் நடுங்கும், வயிறு கலக்கும் என்று பட்டியல் வந்தது. மேடையில் ஆவதும் இதேதான். அட்ரினலின் சுரந்து, ஓடுவதற்கு உடம்பு தயாராகிறது. எச்சில் குறைகிறது, இதயம் வேகமெடுக்கிறது. எதிரில் நாற்பது பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதும் காட்டெருமை நிற்கிறது என்பதும் உடம்புக்கு ஒரே கணக்கு. இதைச் சொன்னதும் ஒருவன், "அப்ப பெரிய பேச்சாளருங்களுக்கும் கால் நடுங்குமா டீச்சர்?" என்றான். எனக்கே ஒவ்வோர் ஆண்டுவிழாவிலும் நடுங்குகிறது என்றேன். சத்தமில்லாமல் எல்லாரும் என் காலைப் பார்த்தார்கள்.

செய்தது

டிசம்பர் தொடக்கத்திலிருந்து வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளை, இலக்கிய மன்றத்துக்கென்று ஒதுக்கியது. எட்டு, ஒன்பதாம் வகுப்புகளிலிருந்து பதினொரு பேர். யாரையும் பொறுக்கி எடுக்கவில்லை. வர விரும்பியவர்கள், கூடவே பேசவே மாட்டான் என்று வகுப்பாசிரியர் அனுப்பி வைத்த ஒரு பையன்.

முதல் விதி, தாள் கூடாது. பேருந்துச் சீட்டு அளவுக்கு ஒரு துண்டு, அதில் மூன்று சொல். அவ்வளவுதான். நம் பெண்ணின் முதல் சீட்டில் இருந்தவை: பூமழை, ஒன்பது நாள், வாசனை. காப்பிச் செடிக்குக் கோடையில் ஒரு மழை வேண்டும். பெய்து ஏறக்குறைய ஒன்பது, பத்து நாளில் தோட்டம் முழுக்க வெள்ளையாகப் பூக்கும், மல்லிகை மாதிரி மணக்கும். இதை இரண்டு நிமிடம் சொன்னாள். ஒவ்வொரு சொல்லும் ஓர் அறை. உள்ளே போய் என்ன வேண்டுமானாலும் பேசலாம், வெளியே வந்து அடுத்த அறைக்குப் போகலாம். முதல் வாக்கியத்தையும் கடைசி வாக்கியத்தையும் மட்டும் மனப்பாடம் செய்ய அனுமதித்தேன். தொடங்குவதும் முடிப்பதும்தான் உதறும் இடங்கள். "முத்தான முதற்கண்" வேண்டாம், "வணக்கம்" போதும்.

முதலில் இரண்டிரண்டு பேராகக் கல் திண்ணையில். பிறகு நால்வர் வட்டம். அதன்பின் பதினொருவர் முன்னால். பொங்கல் முடிந்து ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடம். சின்னவர்கள் நல்ல சபை, சலித்தால் உடனே முகத்தில் காட்டிவிடுவார்கள். காலைக் கூட்டம் கடைசியாக. ஒரு படி பழகாமல் அடுத்த படிக்கு யாரையும் தள்ளவில்லை. ஒரு மாணவி நால்வர் வட்டத்திலேயே ஐந்து வாரம் இருந்தாள். இருக்கட்டும்.

குரலுக்கு மலையே உதவியது. இருவரும் மைதானத்தின் இரு ஓரத்தில். இவள் சொல்வதை அவள் கேட்டுத் திருப்பிச் சொல்ல வேண்டும், கத்தக் கூடாது. தொண்டையால் கத்தினால் காற்று அள்ளிக்கொண்டு போகும், பாதிதான் போய்ச் சேரும். வயிற்றில் கை வைத்து, மூச்சு இறங்கும்போது கை முன்னால் வருகிறதா என்று பார்த்து, அந்த மூச்சில் பேசினால் சொல் முழுதாகப் போகும். சரிவுக்குச் சரிவு ஆளைக் கூப்பிட்டுப் பேசி வளர்ந்த பிள்ளைகள், இரண்டே வாரத்தில் பிடித்துக்கொண்டார்கள். கீழே இருக்கிற பள்ளிகளில் இதற்கு ஒரு மாதம் ஆகும் என்று எனக்குத் தோன்றுகிறது. மூடுபனி இறங்கிய ஒரு வெள்ளிக்கிழமை எதிரில் இருப்பவர் தெரியவே இல்லை. அன்றுதான் பாதிப் பேர் முதன்முறையாகத் தயங்காமல் பேசினார்கள். முகம் தெரியாத சபை!

மொழிதான் கடினமான இடம். அதில் தவறு என் பக்கம். யாராவது "வந்துச்சு" என்றால் "வந்தது" என்று நடுவிலேயே திருத்துவது என் பழக்கம். "பளம்" என்றால் நாக்கை மடித்துக் காட்டுவேன். திருத்திய அடுத்த நொடி அந்தப் பிள்ளை பொருளை விட்டுவிட்டு நாக்கைக் கவனிக்கத் தொடங்கும், பேச்சு அங்கேயே செத்துப்போகும். ழகரம் முக்கியம்தான், அதற்காகச் சண்டை போடுகிறவள் நான். ஆனாலும் பேசிக்கொண்டிருக்கும்போது திருத்துவதில்லை என்று முடிவெடுத்தேன். முதல் சுற்று வீட்டில் பேசுகிற பேச்சில். அதே விஷயம், அதே மூன்று சொல், இரண்டாம் சுற்று மேடைத் தமிழில். முதல் சுற்றில் வரிசை மனதில் உட்கார்ந்துவிடுவதால், இரண்டாவதில் "இருக்குதுங்க" "இருக்கிறது" ஆவதோடு வேலை முடிந்தது. ழகர, ளகரப் பயிற்சி தனியாக, வகுப்பு தொடங்கும்போது ஐந்து நிமிடம்.

கேட்கிறவர்களுக்கும் வேலை உண்டு. "நல்லா இருந்துச்சு" என்று சொல்லக் கூடாது. "எது கண்ணுல நின்னுச்சு?" என்பதற்குப் பதில் சொல்ல வேண்டும். பூமழைப் பேச்சுக்குப் பிறகு ஒருத்தி சொன்னாள்: "அவங்க ஆயா பூவை மோந்து பாத்துட்டு இந்த வருசம் வெளைச்சல் எப்படினு சொல்லுவாங்கன்னு சொன்னாளே, அது." அந்தப் பாட்டி பேச்சில் அரை நிமிடம்கூட வரவில்லை. மறுவாரம் அவர் மட்டுமே பேச்சானார்.

ஒன்று சொதப்பியது. பெங்களூரில் ஐ.டி. வேலையில் இருக்கும் என் தங்கை மகன், 1924இல் அமெரிக்காவில் ரால்ஃப் ஸ்மெட்லி தொடங்கிய டோஸ்ட்மாஸ்டர்ஸ் மன்றத்துக்குப் போகிறவன். அங்கே பேசுகிறவர் எத்தனை முறை "ஆ", "ம்" போடுகிறார் என்று எண்ணுவதற்கென்றே ஓர் ஆளும், நேரம் காட்டப் பச்சை, மஞ்சள், சிவப்பு விளக்குகளும் உண்டாம். கேட்க நன்றாக இருந்தது. விளக்குக்கு மூன்று நிற அட்டை. எண்ணுவதற்கு, யாராவது "வந்து" என்று இழுத்தால் தகர டப்பாவில் ஒரு புளியங்கொட்டை. டொக். பேசுகிறவர் டப்பாவைப் பார்ப்பார், மற்றவர்கள் சிரிப்பார்கள், டொக், டொக். இரண்டே வாரத்தில் மூன்று பேர் வகுப்புக்கு வரவில்லை. அந்த மன்றங்களில் வளர்ந்தவர்கள், விரும்பிச் சேர்ந்தவர்கள். பதின்மூன்று வயதுக்கு அது கேலியாகப் போய்விட்டது. டப்பாவைத் தூக்கி வைத்துவிட்டு, "வந்து" வருகிற இடத்தில் வாயை மூடி ஒரு மூச்சு விடுங்கள் என்று மட்டும் சொன்னேன். அட்டைகள் இன்றும் இருக்கின்றன, அவை யாரையும் புண்படுத்தவில்லை.

எங்கள் 'பேச்சாளன்'

பதினொருவரில் ஒருவன் ஏற்கெனவே பேச்சாளன். ஐந்தாம் வகுப்பிலிருந்தே ஆண்டுவிழாவில் கையை நீட்டி, குரலை ஏற்றி இறக்கிக் கைதட்டு வாங்கியவன். செல்பேசியில் பழைய மேடைப் பேச்சுகளைக் கேட்டு அப்படியே ஒப்பிப்பான். சேலத்துக்காரப் பிள்ளை அப்படி இருப்பதில் ஆச்சரியம் என்ன? 1944இல் நீதிக்கட்சி திராவிடர் கழகமாகப் பெயர் மாறியது இந்த ஊர் மாநாட்டில்தான். அந்த மேடைகளின் நடை இன்னும் டீக்கடையில்கூட ஒட்டிக்கொண்டிருக்கிறது. 1917இல் இதே ஊரின் நகராட்சித் தலைவராக இருந்த ராஜாஜி குட்டிக் கதை சொல்லி நிதானமாகப் பேசியவர். இரண்டு நடைக்கும் ஊரில் இடம் இருந்திருக்கிறது. பள்ளிப் போட்டிகளுக்கு முதலாவது மட்டும் வந்து சேர்ந்தது.

தாளை வாங்கி வைத்ததும் இவன் படுத்துவிட்டான். மூன்று சொல் சீட்டோடு எழுந்து நின்று, "எனக்கு ஒண்ணும் தோணல டீச்சர்" என்றான். மறுவாரமும் அதே. மூன்றாவது வாரம் வரவில்லை. எல்லாருக்கும் ஒரே மருந்து கொடுத்தது என் தவறு. அவனுக்கு இருந்த துணிவு, இரவல் குரலில் இருந்தாலும், துணிவுதான். அதைப் பிடுங்கிவிட்டு வேறு எதையும் நான் கொடுக்கவில்லை.

ஜனவரியில் அவனை வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். ஒரு பட்டிமன்றம் போடலாம், நீதான் ஓர் அணி என்றேன். தலைப்பை அவனே சொன்னான்: சுற்றுலாப் பயணிகள் வருவதால் ஏற்காட்டுக்கு நன்மையா, தொல்லையா. பட்டிமன்றத்தில் எதிரணி என்ன சொல்லும் என்று முன்கூட்டித் தெரியாது, பதிலை அங்கேயே யோசிக்க வேண்டும். மே மாதக் கோடை விழாக் கூட்டம், குரங்குகளுக்குத் தின்பண்டம் போட்டுக் கெடுப்பது, வளைவுகளில் வண்டி மறித்து நிற்பது என்று எதிரணி அடுக்கியது. இவன் கையை நீட்டி, குரலை ஏற்றித்தான் பேசினான். ஆனால் சொன்னது அவன் அப்பா ஓட்டுகிற வாடகை ஜீப்பின் கணக்கு. எந்த மாதம் ஓடும், எந்த மாதம் நிற்கும், மழைக்காலத்தில் வீட்டில் என்ன சமைப்பார்கள் என்பது வரை. கை அசைவைக் குறைக்கச் சொல்லலாமா என்று நினைத்தேன். விட்டுவிட்டேன்.

ஏப்ரல்

அடுத்த மாவட்டப் போட்டி அம்பேத்கர் பிறந்தநாளையொட்டி. நவம்பரில் நின்றுபோன பெண் தானாக வந்து பெயர் கொடுத்தாள். இங்கே ஒரு சிக்கல்: காப்பியும் பூமழையும் அவளுடையவை, அம்பேத்கர் பாடப்புத்தகத்திலிருந்து வருகிறவர். தெரிந்த இடத்தில் தொடங்கினோம். அவள் அம்மா எத்தனை மணிக்குக் கிளம்புகிறார், எத்தனை மணிக்குத் திரும்புகிறார்? அந்த நேரத்தை யார் வரையறுத்தது? 1942 முதல் 1946 வரை வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக அம்பேத்கர் இருந்தார், வேலை நேரத்தைக் குறைக்கும் சட்டத்திருத்தங்களில் அவருக்குப் பங்கு உண்டு என்பது நூலகப் புத்தகத்தில் கிடைத்தது. தோட்டங்களில் பிள்ளைக் காப்பகம் வேண்டும் என்று சொன்ன தோட்டத் தொழிலாளர் சட்டம் 1951இல் வந்தது. அப்படி ஒரு காப்பகத்தில்தான் அவள் தம்பி வளர்ந்தான். சீட்டில் மூன்று சொல்: கடிகாரம், தொழிலாளர் துறை, காப்பகம்.

மேடையில் இரண்டாம் நிமிடத்தில் நின்றுவிட்டாள். எனக்கு நவம்பர் ஞாபகம் வந்து உள்ளங்கை வேர்த்தது. மனதுக்குள் ஆறு வரை எண்ணியிருப்பேன். வாயை மூடி மூச்சு விட்டாள், உள்ளங்கைச் சீட்டைப் பார்த்தாள். வெளிப்படையாகவே பார்த்தாள். "என் தம்பி ஒரு காப்பகத்தில் வளர்ந்தான்" என்று தொடர்ந்தாள். கடைசி வாக்கியம் வரை போனாள்.

பரிசு கிடைக்கவில்லை, சிறப்புப் பரிசும் இல்லை. "விஷயம் நல்லா இருந்தது, நடை கொஞ்சம் வீட்டுப் பேச்சா இருக்கு டீச்சர்" என்று நடுவர்களில் ஒருவர் என்னிடம் சொன்னார். அவர் பக்கத்திலும் நியாயம் உண்டு. இரண்டாம் சுற்றுக்கு நாங்கள் இன்னும் நேரம் கொடுத்திருக்க வேண்டும். பேருந்தில் அவளிடம் இதைச் சொன்னபோது, "நின்னு போனப்ப உங்க மூஞ்சியத்தான் பாத்தேன் டீச்சர், நீங்கதான் பயந்துட்டீங்க" என்றாள். பிறகு அடிவாரம் வருவதற்குள் தூங்கிவிட்டாள்.

மீதி

பதினொருவரில் எட்டுப் பேர் காலைக் கூட்டத்தில் தாளில்லாமல் பேசிவிட்டார்கள். இருவர் ஆறாம் வகுப்பு முன்னால் பேசுவதோடு நிற்கிறார்கள், அவர்களைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. வகுப்பாசிரியர் அனுப்பி வைத்த பையன் மட்டும் இன்னும் முதல் படியில். திண்ணையில் இணையாக உட்கார்ந்தவன் பேசுவதைக் கேட்பான், தலையாட்டுவான், கேள்விக்கு ஒற்றைச் சொல்லில் பதில் சொல்வான். இது வெறும் கூச்சமா, வேறு ஏதாவதா என்று கண்டுபிடிக்கிற படிப்பு எனக்கில்லை. தலைமையாசிரியரிடம் சொல்லி, பெற்றோரோடு சேலம் அரசு மருத்துவமனையில் ஒருமுறை காட்டிவரக் கேட்டிருக்கிறேன்.

ஜூனில் பள்ளி திறந்த முதல் வெள்ளிக்கிழமை, நான் கேட்காமலே ஒரு சீட்டைக் கொண்டுவந்து நீட்டினான். மூன்று சொல் எழுதியிருந்தான்: மிளகுக்கொடி, ஏணி, அண்ணன். "சொல்றியா சாமி?" என்றேன். தலையை இல்லையென்று ஆட்டினான். சீட்டை என் வருகைப் பதிவேட்டுக்குள் வைத்திருக்கிறேன்.